செங்கோடன் எனக்கு என்ன முறை

1

போன மாதம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு படிவம் மூன்று நாள் கிடந்தது. அதன்மேல் குழம்புச் சட்டியை வைக்கக்கூடாது என்று என் மனைவி மூன்று நாளும் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தாள். ஊரிலிருந்து ஒருவரைச் சிங்கப்பூருக்கு வரவழைப்பதற்கான படிவம் அது. பெயர், பிறந்த ஊர், தங்கப்போகும் முகவரி எல்லாவற்றையும் என் மகள் சாந்தி ஐந்து நிமிஷத்தில் ஆங்கிலத்தில் எழுதி முடித்துவிட்டாள். ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. வருகிறவர் உங்களுக்கு என்ன உறவு?

வருகிறவன் செங்கோடன். என் சித்தப்பா மகன், என்னைவிட இரண்டு வயது சின்னவன். கடலைக்காய் பிடுங்கி முடித்த கையோடு என் அப்பாவின் திதிக்கு இங்கே வருவதாக இருந்தான். என் அப்பா இறந்து ஏழு வருஷம் ஆகிறது. ஏழு வருஷமும் அந்தத் திதியை ஊரில் அவன்தான் கொடுத்து வருகிறான். “இந்த வருசம் நான் அங்க வாரேன், ரெண்டு பேருமாக் குடுக்கலாங்ணா” என்று எழுதியிருந்தான்.

“கசின்னு போடறேன்பா” என்றாள் சாந்தி.

“தம்பின்னு போடு.”

“உங்க சித்தப்பா மகன்தானே? அது கசின். தம்பின்னா பிரதர். அவர் அப்பா பேரு வேற, உங்க அப்பா பேரு வேற. பொய் எழுதினா ஃபைன் போடுவாங்க லா.”

சாந்திக்குப் பதினாறு வயது. காய்கறி விற்கிறவர் அவளுக்கு அங்கிள். பஸ் ஓட்டுகிறவர் அங்கிள். லிப்ட் பழுதானால் சாவியோடு வருகிற சீனரும் அங்கிள். இத்தனை அங்கிள்களை வைத்திருக்கிற பெண்ணுக்குச் செங்கோடன் போட்டோவில் இருக்கிற இன்னொரு அங்கிள். அவளைக் குறை சொல்லி என்ன செய்வது? கூட்டிக்கொண்டு போய்க் காட்டாதவன் நான்.

பேனாவைப் பிடித்தபடி அவள் காத்திருந்தாள். இதே கேள்விக்கு ஊரில் ஒரு தாலுகா ஆபீசில் ஒருமுறை பதில் சொல்லி, அதன் கீழே கையெழுத்தும் போட்டவன் நான். அந்தக் கையெழுத்தை இவளுக்கு எப்படிச் சொல்வது?

“நாளைக்கு எழுதலாம்” என்று எழுந்துவிட்டேன்.

எனக்கு வாதம் செய்ய வராது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த பெண்ணைக் கட்டி, அவளோடு இங்கே வந்து, கப்பல் பட்டறை ஒன்றில் சாமான் கிடங்கு பார்க்கிறேன். எந்த அளவு நட்டு, எந்த அளவு வாஷர் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன். நாலு பேர் முன்னால் வாயைத் திறக்கச் சொன்னால்தான் தொல்லை. அதனால்தான் பேச வேண்டியதை எழுதுகிறேன். நம் பக்கத்துக்காரர்கள் படித்தால் புரிந்துகொள்வார்கள். சான்றிதழ் வாங்கப் போகிறவர்களுக்கு உபயோகமாகவும் இருக்கலாம்.

2

அப்பா இறந்த தந்தி வந்தபோது என் பாஸ்போர்ட் என்னிடம் இல்லை. புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். யார்மேலும் தப்பில்லை, அதற்கு உள்ள நாட்கள் ஆகத்தான் செய்யும். சாவு அதையெல்லாம் விசாரித்துக்கொண்டா வருகிறது? இருபத்திநாலாம் நாள்தான் நான் ஊர் போய்ச் சேர்ந்தேன்.

ஆட்டையாம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் செங்கோடன் சைக்கிளோடு நிற்கிறான். மொட்டை போட்ட தலையில் முடி அரை அங்குலம் முளைத்திருந்தது. அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை. நான் போட வேண்டிய மொட்டை அது.

“வாங்ணா. நல்லா இருக்கறீங்களா?” என்றான்.

எனக்கு நடுரோட்டில் அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பெட்டியைப் பிடித்தபடி நின்று அழுதேன். பக்கத்து முறுக்குக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“ஒண்ணுமில்லீங்க” என்றான் செங்கோடன் அவரிடம். “சிங்கப்பூருல முறுக்குக் கெடைக்கறதில்லையாமா. அதான்.”

கடைக்காரர் மறுபேச்சுப் பேசாமல் இரண்டு முறுக்கை எடுத்து நீட்டினார். அழுதுகொண்டே தின்றேன். இப்போது நினைத்தாலும் சிரிப்புதான் வருகிறது. அன்றைக்கு அந்த முறுக்கு இல்லாவிட்டால் நான் ஊருக்குள் நடந்து போயிருக்கமாட்டேன்.

வீட்டில் அம்மாவும் என் தாய்மாமனும் உட்கார்ந்திருந்தார்கள். செங்கோடன் நேராக உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து, மடித்த வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து வந்தான். உருமால்.

எங்கள் பக்கத்தில் கருமாதி அன்று இறந்தவரின் மகனுக்குத் தாய்மாமன் உருமால் கட்டுவார். ஊரும் உறவும் பார்த்திருக்க அந்தத் துணியைத் தலையில் சுற்றிவிட்டால், இனி இந்தக் குடும்பத்துக்கு இவன்தான் என்று அர்த்தம். பட்டாவும் பத்திரமும் அதற்குப் பிறகுதான். நான் இல்லாததால், என் மாமா செங்கோடன் தலையில் கட்டியிருந்தார். கட்டாமல் விட்டால் பிள்ளை இல்லாதவர் மாதிரி ஆகிவிடும், பெரியவனோ சின்னவனோ யாருக்காவது கட்டுங்கள் என்று அம்மாதான் சொன்னாளாம்.

“இந்தாங்ணா. இது உங்களுது. நீங்க வர்ற வரைக்கும் சும்மா தாங்கி வெச்சிருந்தேன்” என்று துணியை நீட்டினான்.

மாமாவுக்குக் கோபம். “கட்டுனது கட்டுனதுதான்டா. அவுத்து மாத்திக் கட்டறதுக்கு அதென்ன கோமணமா?”

அம்மா அந்த இருபத்திநாலு நாளில் முதல்முறையாகச் சிரித்தாள் என்று பிறகு சொன்னார்கள். நான் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவன் கையிலேயே திருப்பி வைத்தேன். “உன்கிட்டயே இருக்கட்டும்” என்றேன். நான் எதையெல்லாம் விட்டுவிட்டுப் போனேனோ அதையெல்லாம் தாங்கியவன் அவன்.

3

நான் போய்ச் சேர்ந்த நாலாம் நாள் வாரிசுச் சான்றிதழ் வந்தது. நான் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்று செங்கோடனே அலைந்து மனுக் கொடுத்து, விசாரணையும் நடந்திருந்தது. அந்தக் காகிதம் இருந்தால்தான் நிலத்தின் பட்டா அம்மா பெயருக்கும் என் பெயருக்கும் மாறும். கிணற்று மோட்டாருக்கான கரண்டு இணைப்பும் அப்பா பெயரில் இருந்தது, அதற்கும் இதே காகிதம் வேண்டும்.

இறந்தவர் பெயர் சரி. மனைவி, அம்மா பெயர் சரி. மகன், அர்த்தநாரி, அது நான். அதற்குக் கீழே இன்னொரு வரி. மகன், செங்கோடன்.

மறுபடி படித்தேன். அதேதான் இருந்தது.

“சரியாத்தானே எழுதியிருக்கறாங்க?” என்றாள் அம்மா.

நடந்தது இதுதான். அந்தச் சமயத்தில் பரம்பரை மணியக்காரர்கள் வேலை எடுபட்டு, அரசாங்கம் நியமித்த புதுக் கிராம அலுவலர்கள் வந்திருந்தார்கள். பழைய மணியக்காரருக்கு எங்கள் வீட்டுக் கோழி யாருடையது என்பதுகூடத் தெரியும். எங்களுக்கு வந்த புது ஆள் கெங்கவல்லிப் பக்கத்து இளைஞர். ஊருக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வாரிசு எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறார். “ரெண்டு பசங்க. பெரியவன் சிங்கப்பூருல. இந்தா நிக்கறான் சின்னவன். உருமால் கட்டுனவனே நாந்தானுங்க” என்று மாமா சொல்லியிருக்கிறார். அம்மாவைக் கேட்டிருக்கிறார். “ஆமா சாமி, ரெண்டு பசங்க.” கடைசியாகச் செங்கோடனையே கேட்டிருக்கிறார், இறந்தவர் உனக்கு என்ன வேண்டும் என்று.

“அப்பனுங்க” என்றிருக்கிறான்.

அவர் எழுதிக்கொண்டார். அவர்மேல் என்ன தப்பு? அண்ணன் தம்பி பிள்ளைகளைப் பிரித்து எண்ணுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. யாராவது கேட்டால் என் அப்பாவும் இரண்டு பசங்க என்றுதான் சொல்வார். சித்தப்பாவும் அப்படியே. இரண்டு வீட்டையும் கூட்டினால் நாலு பேர் வர வேண்டும். இருந்தது இரண்டு பேர்.

உள்ளதைச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவனுக்கு அரசாங்கமே முத்திரை குத்தி ஒரு தம்பியைக் கொடுத்திருக்கிறது.

சந்தோஷம் மறுநாள் காலைவரை இருந்தது. காலையில் சித்தப்பா வந்தார். தோளில் துண்டு இல்லை, கையில் இருந்தது. அப்படி வந்தால் கோபம் என்று அர்த்தம்.

“ஏனுங்க அண்ணி, எம் பையன எனக்குத் தெரியாமயே தத்து எடுத்துட்டீங்களா?”

“என்ன கொழுந்தனாரே, காலங்காத்தால?”

“பத்திரம் எழுதறவரு சொல்றாருங்க. நம்ம கெணத்து மேட்டு நெலத்தப் பையன் பேருக்கு எழுதலாம்னு போனா, ‘இவரு உங்க பையனா, உங்கண்ணன் பையனா? அந்த ஊட்டுச் சர்ட்டிபிகேட்டுல இவரு பேரு இருக்குதுங்களே’ங்கறாரு. இத்தன வருசம் சோறு போட்டவன் நான். பத்து நிமிசம் உருமால் கட்டுனதுக்குப் பையன் உங்களுதா?”

“அப்பா, ரெண்டு ஊட்லயும் சோறுண்டவன் நான். கேட்டா ரெண்டு பேரும் சரியாத்தான் சொல்றீங்க” என்றான் செங்கோடன்.

“நீ வாய மூடு. அங்க போயி அப்பனுங்கன்னு சொன்ன வாய்தான அது?”

செங்கோடன் பதில் சொல்லவில்லை. அவன் பதில் சொல்லாமல் நின்றதை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

பத்திரம் எழுதுகிறவரிடம் எல்லோருமாகப் போனோம். எங்கள் ஊருக்கே அவர் ஒருவர்தான், பட்டா மாற்ற அந்தச் சான்றிதழையும் முந்தின நாள் அவரிடம்தான் காட்டியிருந்தோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னார். “ஒரு ஆளுக்கு ரெண்டு அப்பன் ஊருக்கு ஆகும், கோயிலுக்கு ஆகும், பத்திரத்துக்கு ஆகாதுங்க. இதத் திருத்தாம எதையும் மாத்த முடியாது. பட்டா நிக்கும், மோட்டாரு நிக்கும், தம்பி ஊட்டு நெலமும் நிக்கும். நாளைக்கு உங்க ரெண்டு பேரு பிள்ளைகளும் கோர்ட்டுல நிப்பாங்க. தாசில்தாருகிட்ட மனுக் குடுங்க.” என் பக்கம் திரும்பினார். “உங்க வாக்குமூலந்தான் முக்கியம். பெத்த மகன் நீங்க. இவரு எனக்குத் தம்பி இல்லைன்னு நீங்க நேர்ல வந்து சொல்லோணும்.”

என் அப்பாவுக்குக் கொள்ளி வைத்தவனை, முளைத்தும் முளைக்காத தலையோடு பக்கத்தில் நிற்கிறவனை, தம்பி இல்லை என்று நான் சொல்ல வேண்டும். அதுவும் நாலு பேர் முன்னால்.

4

இங்கே ஒரு சின்ன விஷயம். எந்த ஆபீசில் எந்தச் சான்றிதழ் வாங்கினாலும், ஜன்னலை விட்டு நகர்வதற்குமுன் எல்லாப் பெயரையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். இறப்புச் சான்றிதழில் கூடுதலாக நாலு நகல் வாங்கி வையுங்கள். சாவு வீட்டில் யாருக்கும் படிக்கத் தோன்றாது. ஊரில் யார் கேட்டாலும் வாய்வழக்கில் உறவு சொல்லலாம். அரசாங்கம் கேட்டால் யார் வயிற்றில் யார் பிறந்தது என்பதை மட்டும் சொல்லுங்கள். இதைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு ஏழு நாள் ஆனது.

தாலுகா ஆபீசுக்கு நானும் செங்கோடனும் ஏழு நாள் போனோம். முதல் நாள் நான் ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்றேன். சிங்கப்பூர்ப் பழக்கம். எனக்கு முன்னாலும் யாருமில்லை, பின்னாலும் யாருமில்லை, பக்கவாட்டில் இருபது பேர். கால் மணி நேரம் ஒற்றை ஆளாக வரிசையில் நின்றேன்.

“அண்ணா, நீங்க நிக்கறதப் பாத்தா கொடிக்கம்பம் நட்ட மாதிரி இருக்குது. தள்ளுங்க” என்று செங்கோடன் தோளால் இடித்து உள்ளே புகுந்து மனுவைக் கொடுத்துவிட்டு வந்தான். தன்னை மகன் இல்லை என்று திருத்தச் சொல்லும் மனுவைத் தானே முண்டியடித்துக் கொடுத்தவன் அந்தத் தாலுகாவிலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

இரண்டாம் நாள் தாசில்தார் முகாம் போயிருந்தார். மூன்றாம் நாள் கோர்ட்டு ஸ்டாம்பு பத்தவில்லை. நாலாம் நாள் விடுமுறை, எங்களுக்குத் தெரியாது. இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை. அந்த ஏழு நாளும் காலை பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து போய், ஆபீஸ் வாசல் வேப்பமரத்தடியில் தூக்குப்போசியைத் திறந்து தயிர்ச்சோறு தின்று, பொழுதோட திரும்பினோம். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நாங்கள் இரண்டு பேரும் இத்தனை நேரம் சேர்ந்திருந்ததே இல்லை. குச்சிக்கிழங்கு விலையிலிருந்து என் வீட்டு லிப்ட் வரைக்கும் பேசினோம். ஒன்பதாவது மாடியில் குடியிருக்கிறோம் என்றபோது, “அங்க பஞ்சாயத்து போர்டு தண்ணி ஏறுதுங்களா?” என்று கேட்டான்.

ஐந்தாம் நாள்தான் நான் அதைக் கேட்டேன். “ஏன்டா, பெரியப்பான்னு சொல்லியிருக்கலாமில்ல? அப்பனுங்கன்னு ஏன் சொன்ன?”

போசியைக் கழுவி வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னான்.

“கடைசி மூணு நாளு பெரியப்பாவுக்கு நெனவு தப்பிப் போச்சுங்ணா. என்னய அர்த்தநாரி, அர்த்தநாரின்னுதான் கூப்பிட்டாரு. மொத தடவ, நான் செங்கோடனுங்கன்னேன். மொகம் வாடிப் போச்சு. பொறவு நான் சொல்லல. அர்த்தநாரின்னாரு, ஏனுங்கப்பான்னேன். தண்ணி குடுன்னாரு, குடுத்தேன். எப்ப வந்தேன்னு கேட்டாரு. இப்பத்தானுங்கப்பா வந்தேன்னேன். சந்தோசமாத்தான் போனாரு. மூணு நாளு அப்பா அப்பான்னு சொன்ன வாயி. அந்தப் புது ஆபீசரு வந்து யாரு வேணும்னு கேட்டப்ப அதேதான் வந்துச்சு. வேணும்னு சொல்லல.”

நான் வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அழுவாதீங்ணா. இங்க முறுக்குக் கடை இல்ல” என்றான்.

5

ஏழாம் நாள் விசாரணை. அம்மா, சித்தப்பா, மாமா, செங்கோடன், நான், ஐந்து பேரும் தாசில்தார் மேசைக்கு முன்னால் நின்றோம். நல்ல மனிதர். அம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். குமாஸ்தா எழுதத் தயாராக இருந்தார்.

தாசில்தார் செங்கோடனைக் காட்டி என்னைக் கேட்டார். “இவர் உங்க தம்பியா?”

பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். இல்லைங்க. ஒரே சொல். சித்தப்பா பின்னாலிருந்து “சொல்றா” என்று மெதுவாகச் சொன்னார். குமாஸ்தாவின் பேனா காத்திருந்தது. என் திரும்பும் டிக்கெட்டுக்கு இன்னும் நாலு நாள்தான். இதை விட்டால் அம்மா தனியாக இந்தக் காகிதத்தோடு அலைய வேண்டும். எல்லாம் தெரியும். வாயைத் திறந்தேன்.

“தம்பிதானுங்க” என்றேன்.

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். சித்தப்பா துண்டை உதறினார்.

“தம்பின்னா பின்ன எதுக்கய்யா மனு?” என்றார் தாசில்தார். “ஏழு நாளா இங்க எதுக்கு வந்தீங்க?”

மறுபடி வாயைத் திறந்தால் மறுபடியும் அதுதான் வரும் என்று தெரிந்தது. அப்போது அம்மா நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

“சாமி, அவனக் கேக்காதீங்க. அவனுக்குச் சொல்ல வராது. என்னயக் கேளுங்க. இவன நான் பெத்தேன். அவன எங்கொழுந்தம் பொண்டாட்டி பெத்தா. அத மட்டும் எழுதிக்குங்க. மத்தது எப்படி இருக்குதோ அப்படியே இருந்துட்டுப் போவட்டும்.”

தாசில்தார் அம்மாவைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு குமாஸ்தாவிடம் திரும்பினார். “அப்படியே எழுதுய்யா.”

குமாஸ்தா அவர் பாஷையில் எழுதினார். மேற்படி செங்கோடன் எனது சிறிய தகப்பனாரின் குமாரர், எனது உடன்பிறந்த சகோதரர் அல்ல, இறந்தவருக்கு வாரிசும் அல்ல. கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். எனக்கு அடுத்து, ஆட்சேபணை இல்லை என்று செங்கோடன் போட்டான். தன் பெயரை என் பெயரைவிட அழகாக எழுதினான்.

வெளியே வந்தோம். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் நடந்தேன். பஸ் ஸ்டாண்டு வரை அப்படியே போயிருப்பேன்.

“அண்ணா.”

நின்றேன்.

“எழுத்துல என்னயக் கழட்டி உட்டுட்டீங்க. போச்சாது, போவட்டும். பஸ்ஸுக்கு டிக்கெட்டாவது நீங்க எடுங்க.”

சித்தப்பாதான் முதலில் சிரித்தார். “எம் பையன் எனக்குத் திரும்பிக் கெடச்சுட்டான், காப்பி நான் வாங்கித் தாரேன்” என்று எல்லோரையும் இழுத்துக்கொண்டு போனார். “ஏழு நாளு தயிர்ச்சோறு தின்னுட்டுச் சும்மா இருந்தேன். மறுபடி உங்க பையனாயிட்டா நாளைக்குக் காட்டுக்குப் போவோணுமே” என்றான் செங்கோடன். புதுச் சான்றிதழ் வந்தது, பட்டா மாறியது, மோட்டார் அம்மா பெயரில் ஓடியது. சித்தப்பா நிலமும் அவன் பெயருக்கு வந்தது. எல்லாம் அந்த ஒரு கையெழுத்தால்தான். ஆனாலும் அந்த ‘அல்ல’ ஏழு வருஷமாக என்னோடு இருந்தது. அவன் மறந்திருப்பானா என்று கடிதத்தில் கேட்கவும் முடியவில்லை. எப்படிக் கேட்பது?

6

படிவம் மேசைக்கு வந்த மூன்றாம் நாள், இதையெல்லாம் சாந்தியிடம் சொன்னேன். நான் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதில்லை. என் மகனும் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். உருமால் என்றால் என்ன, போசி என்றால் என்ன என்று இடையிடையே கேட்டார்கள். எனக்கு ஆங்கிலம் வராத இடத்தில் என் மனைவி சொன்னாள்.

சொல்லி முடித்ததும் சாந்தி பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தில் கசின் என்று எழுதினாள்.

“ஆத்தா சொன்னதுதான்பா” என்றாள். “ஃபாரத்துக்கு அது மட்டும் போதும்.”

என் அம்மா இங்கே வந்தபோது அவள் பார்த்தது இரண்டே முறை. பாட்டியை ஆத்தா என்று கூப்பிட வேண்டும் என்று எப்போதோ சொல்லிக்கொடுத்தது. ஞாபகம் வைத்திருக்கிறாள்.

செங்கோடனுக்கு எழுதினேன். விமான நிலையத்தில் யார் வீட்டுக்கு வந்திருக்கிறாய் என்று கேட்டால் கசின் என்று சொல். வேறு எதுவும் சொல்லாதே. படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது. எழுதி முடித்ததும் மறுபடி படித்துப் பார்க்காமலே உறையில் போட்டு ஒட்டினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் நின்றோம். அவனோடு வந்தவர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள். அவன் மட்டும் அதிகாரியின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். அதிகாரி கேட்டார், இவன் கையை ஆட்டி ஏதோ சொன்னான், அவர் தாளைப் புரட்டினார். பிறகு இவன் திரும்பி எங்கள் பக்கம் கையைக் காட்டினான். அதிகாரி என்னைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, முத்திரையைக் குத்தி அனுப்பிவிட்டார்.

“ஏன்டா இவ்வளவு நேரம்?” என்றேன்.

“கசின்னு சொல்லோணும்னு பஸ்ஸுல, ரயில்ல, பிளேன்ல எல்லாம் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தனுங்ணா. அந்தாளு கேட்டதும் வாயில பிரதர்னுதான் வந்துச்சு.”

“அப்புறம்?”

“தாளப் பாத்தாரு. கசின்னு இருக்குதேன்னாரு. ஆமாங்க, பிரதர்தானுங்கன்னேன். அவரு பேசறது எனக்குப் புரியல, நான் பேசறது அவருக்குப் புரியல. கடைசியா உங்களக் காட்டுனேன். உங்க மூக்கப் பாத்தாரு, எம் மூக்கப் பாத்தாரு. போடா சாமின்னு உட்டுட்டாரு.”

என் அப்பாவின் மூக்கு அது. சித்தப்பாவுக்கும் அதேதான். எங்கள் வீட்டில் பட்டா இல்லாமலே பரம்பரையாக வந்த சொத்து அது ஒன்றுதான்.

“அந்தத் தாலுகா ஆபீசு...” என்று நான் ஆரம்பித்தேன்.

“ரெண்டு கவருமெண்டுக்கு எழுதிக் குடுத்துட்டீங்க, நான் தம்பி இல்லைன்னு” என்று பாதியில் வெட்டினான். “அப்படியிருந்தும் பாருங்க, ஆட்டையாம்பட்டியிலிருந்து உங்க முறுக்கு டின்ன நாந்தான் சொமக்கறேன். கையில புடிங்க.”

புடிங்க என்றது என்னை. டின்னை வாங்கியது சாந்தி. “குடுங்க சித்தப்பா” என்றாள். அங்கிள் என்று சொல்லவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததும் இல்லை.

டாக்ஸியில் பின்சீட்டில் நானும் அவனும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். மடியில் ஒரு மஞ்சள் பை வைத்திருந்தான். விரலால் விலக்கிப் பார்த்தேன். மடித்த வெள்ளைத் துணி. “திதிக்கு” என்றான். ஓட்டுநர் வயதான சீனர். எதிரே இருந்த சின்னக் கண்ணாடியில் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“பிரதர் ஆ?” என்று கேட்டார்.

கேட்ட உடனே பதில் சொல்கிற ஆள் நான் இல்லை. ஆனால் அன்றைக்கு அவர் கேட்டு முடிப்பதற்குள்ளேயே சொல்லிவிட்டேன்.

“யெஸ்.”

அவர் அதை எதிலும் எழுதிக்கொள்ளவில்லை.